எட்டு மீட்டர் தள்ளி நின்றவள்

ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளரிடம் இந்த ஊர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். யாராவது பக்கத்தில் வந்து நின்று, “ஏனுங்க மேடம், காருக்கு என்ன லைட்டுங்க போடலாம்? இருட்டுனா ஒண்ணுந் தெரிய மாட்டேங்குதுங்க” என்பார்கள். கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். என் கணவரின் அடக்கத்துக்கு வந்த ஒருவர் மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது கேட்டார். அவரை மன்னித்துவிட்டதாகப் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லத்தான் செய்கிறேன். கம்பெனி எந்த வகை பல்பைக் கொடுத்ததோ அதே வகை, அதே வாட், நல்ல தயாரிப்பாகப் பார்த்துப் போடுங்கள். அதற்கும் முன்னால், மஞ்சளித்துப் போன ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போடுங்கள். பாதி வெளிச்சம் அங்கேதான் செத்துக் கிடக்கிறது. பழைய வண்டி என்றால் விவரமான எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ரிலே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து கிளம்புகிற மின்சாரம் வழியில் தேயாமல் பல்புக்குப் போய்ச் சேரும். சமதரையில் சுவரைப் பார்த்து நிறுத்தி விளக்கின் உயரத்தைச் சரி செய்யுங்கள். டிக்கியில் மூட்டை ஏற்றினால் வண்டி மூக்கைத் தூக்கும், அப்போது மறுபடியும் சரி செய்யுங்கள். எல்.இ.டி.தான் வேண்டுமென்றால், உங்கள் மாடலுக்குக் கம்பெனியே தருகிற முழு விளக்கை வாங்குங்கள். மாட்டும் முன்பு ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேளுங்கள். கடையில் தொங்குகிற எல்.இ.டி. பல்பை ஹாலஜன் விளக்குக்குள் மட்டும் சொருகாதீர்கள். அந்த விளக்கின் உட்குழிவு, ஒரு சின்னக் கம்பிச்சுருள் இன்ன இடத்தில்தான் எரியும் என்று கணக்குப் போட்டு வளைத்தது. வேறொன்றைக் கொண்டுபோய் அங்கே எரியவிட்டால் வெளிச்சம் தரைக்குப் போகாது. எதிரே வருகிறவர் முகத்துக்குப் போகும். சட்டமும் கம்பெனி கொடுத்ததை உன் இஷ்டத்துக்கு மாற்றாதே என்றுதான் சொல்கிறது.

இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். கடைசியில், “அதெல்லாஞ் செரிங்க, நல்லா வெள்ளையா பளிச்சுன்னு தெரியற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க” என்பார்கள். சர்க்கரை வியாதிக்காரர் டாக்டரிடம் ஜாங்கிரிக்கு அனுமதி கேட்கிற முகம்தான் அப்போது எனக்கு நினைவுக்கு வரும்.

போன மாதம் இளைய ஆய்வாளர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கிற வேலையை இப்போது இயந்திர நிலையங்களுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? அங்கே ஒரு பெட்டி தண்டவாளத்தில் நகர்ந்து வந்து ஹெட்லைட்டின் முன்னால் நிற்குமாம்; திரையில் பச்சையோ சிவப்போ காட்டுமாம். அதில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் வந்து ஹெட்லைட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். போனேன், விதிகளைச் சொன்னேன், கைதட்டினார்கள். அந்த மேடையில் சொல்லக் கூடாததை இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ஒரு ஒர்க் ஷாப்பில் கிரீஸ் பூசிக்கொண்டு அனுபவச் சான்று வாங்கினேன், தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது. எங்களை மக்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்பார்கள். என்னைப் ‘பிரேக் இன்ஸ்பெக்டரம்மா’ என்றார்கள். அப்பா மட்டும் கடைசிவரை, “எம் புள்ள ரோட்ல நின்னு லாரியப் புடிக்குது” என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹெட்லைட் விஷயத்தில் எனக்கு ஒரு வசதி இருந்தது. விதியில் ஒரு வரி உண்டு. வண்டியின் முன்னால் எட்டு மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி ஒருவர் நிற்கிறார். அவருடைய கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிம் வெளிச்சம் அந்தக் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. எங்கள் ஆபீசில் ஆண்கள் எல்லோரும் நெட்டை. அந்த உயரத்துக்கு வர முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். சீருடையில் அது பார்க்க நன்றாக இருக்காது. எனக்கு மடக்கத் தேவையில்லை. செருப்பில்லாமல் நிமிர்ந்து நின்றால் என் கண் சரியாக அந்த உயரத்துக்கு வரும். சோதனை மைதானத்தின் கோடியில் இருந்த தகரக் கொட்டகையில் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி வைத்திருந்தோம். தரையில் எட்டு மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு. வண்டியை உள்ளே விடச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டில் நிற்பேன். “டிம் போடுங்க.” கண் கூசினால் தகுதியில்லை. லாரிக்காரர்கள் என்னைத் திட்டிய திட்டில் பாதி அந்தக் கொட்டகைக்குள் திட்டியதுதான்.

இனி, ஆர்.டி.ஓ. நாகராஜன் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வேலையின் கடைசிப் பகுதியில் அவர்தான் எனக்கு மேலதிகாரி. கோபிசெட்டிபாளையத்துக்காரர். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. பியூனுக்கு ‘ங்க’ போடுவார், புரோக்கருக்கு ‘ங்க’ போடுவார், படிக்கட்டில் படுத்திருக்கிற நாயிடம்கூட, “கொஞ்சம் தள்ளிக்கோங்க” என்பார். நான் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். யாரிடமும் அவர் ‘முடியாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. மறுக்கப் போகிறார் என்பதற்கு ஒரே ஒரு அடையாளம் உண்டு. கையிலிருக்கும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். பிறகு முகம் மலர்ந்து, “ஒண்ணு பண்ணலாங்களா?” என்பார். அதன்பிறகு நாம் நினைத்த எதுவும் நடக்காது. ஆனால் வெளியே வரும்போது நாமே நன்றி சொல்லிவிட்டு வந்திருப்போம்.

இந்த நிலையில்தான் சுப்பிரமணியின் வழக்கு வந்தது.

கிணத்துக்கடவிலிருந்து உள்ளே பிரிகிற தோப்புச் சாலை. ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், விளக்கு வைக்கிற நேரம். சுப்பிரமணி தேங்காய் லோடு ஏற்றிய மினி லாரியை ஓட்டிக்கொண்டு வந்தவர். சாலையின் இடது ஓரத்தில் வேலை முடிந்து நடந்து போய்க்கொண்டிருந்த மாராத்தாள் என்ற அம்மாள் மீது வண்டி மோதியது. எதிரே வந்த ஒரு பெரிய காரின் சொந்தக்காரர் உடனே நிறுத்தி, அந்த அம்மாளைத் தூக்கித் தன் காரிலேயே போட்டுக்கொண்டு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். மறுநாள் காலையில் அந்த அம்மாள் இறந்துபோனார்.

விபத்து வண்டியைச் சோதித்து அறிக்கை தருவது எங்கள் வேலை. பெரும்பாலான அறிக்கைகள் ஒரே வாக்கியத்தில் முடியும்: இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை. அதை எழுதிவிட்டால் மிச்சமிருப்பது ஓட்டுநரின் குற்றம்தான். ஆகவே அந்த வாக்கியத்தை எழுதும் முன் நான் வண்டியை நன்றாகப் பார்ப்பேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றது. லோடை இன்னும் இறக்கவில்லை. வேலிக் கம்பத்தடியில் சுப்பிரமணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பிரேக் சரி. ஸ்டியரிங் சரி. டயர் சரி. “எப்படிங்க ஆச்சு?” என்று கேட்டேன்.

“எதுக்க ஒரு காரு வந்துச்சுங்க. நான் டிம் பண்ணிப்போட்டேனுங்க. அவிய வெளிச்சம் கொறையவே இல்லீங்க. வெள்ளையா, மூஞ்சில சுண்ணாம்பு ஊத்துன மாதிரி. வண்டிய மெதுவாக்கி எடக்கைப் பக்கம் ஒதுக்குனேனுங்க. அப்பறஞ் சத்தந்தானுங்க கேட்டுச்சு.” பிறகு லோடைக் காட்டினார். “இதுல இருக்கற காயி பூராம் மாராத்தாக்கா பொறுக்கிப் போட்டதுங்க. மத்தியானம் எனக்கு மோரு குடுத்துச்சுங்க.”

எதிர் வெளிச்சம் கண்ணைக் கட்டிவிட்டது என்று சொல்லாத ஓட்டுநரை நான் பார்த்ததில்லை. குடித்துவிட்டு ஓட்டியவரும் அதைத்தான் சொல்வார், தூங்கிப் போனவரும் அதைத்தான் சொல்வார். அதனால் நான் உடனே நம்பிவிடவில்லை. உடைந்த இடது விளக்கைக் கழற்றி பல்பை வெளியே எடுத்தேன். அந்த வகை பல்புக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும், ஒன்று பிரைட்டுக்கு, மற்றது டிம்முக்கு. எரிந்துகொண்டிருக்கும்போது அடி விழுந்தால் சூட்டில் இளகியிருக்கும் சுருள் இழுபட்டு நீண்டுபோகும். எரியாத சுருள் அப்படியே இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். டிம் சுருள் பழைய பனியனின் நூல் மாதிரி இழுபட்டுத் தொங்கியது. பிரைட் சுருள் புதிதுபோல இருந்தது. மனிதர் சொன்னது உண்மை. எதிரே வந்தவருக்காக இவர் தன் வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறார்.

இன்னொன்றும் இருந்தது. இரண்டு ஹெட்லைட் கண்ணாடிகளிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. நட்டநடுவில், பெரிய பொட்டாக. நம் பக்கத்தில் யாரும் அதைத் துடைக்க மாட்டார்கள். தானாக உதிர வேண்டும். “ஏனுங்க, ஓட்டறதுக்கு முன்னால கண்ணாடியத் துடைச்சிருக்கலாமே?” என்றேன். “சாமிக்கு வெச்சதுங்க, எப்படிங்க தொடைக்கறது?” என்றார். பல்பு எரிகிற வலது விளக்கைப் போட்டு, சந்தனத்தோடு ஒரு முறையும் துடைத்துவிட்டு ஒரு முறையும் சுவரில் பார்த்தேன். வெளிச்சம் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். சாலையோரத்தில் நடக்கிற ஆளை மறைக்கிற அளவுக்கு அது மங்கவில்லை.

அந்தக் காரைப் பார்த்தாக வேண்டும் என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அதையும் சோதிக்கச் சொல்லி எனக்கு எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “மேடம், அவரு உசுரக் காப்பாத்தப் போன மனுசனுங்க. கார் சீட்டெல்லாம் ரத்தம். அவரைப் போயி எப்படிங்க?” கடைசிவரை அவர் எழுதித் தரவில்லை.

கார்க்காரரின் பெயர் ராஜ்குமார். பீளமேட்டில் வீடு. பம்புசெட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டிசைன் இன்ஜினீயர். அன்று மாமனார் தோப்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர். நான் நேராகப் போய் அழைப்பு மணியை அடித்து, யார், எதற்கு வந்தேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். எனக்கு அதிகாரம் இல்லை, நீங்கள் மறுக்கலாம் என்பதையும் சொன்னேன். “தாராளமாப் பாருங்க மேடம்” என்று சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். அந்த அம்மாளைப் பற்றிப் பேசும்போது அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

பொழுது சாய்ந்திருந்தது. டேப் வைத்து எட்டு மீட்டர் அளந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். “டிம் மட்டும் போடுங்க” என்றேன். போட்டார். எனக்கு வீடு தெரியவில்லை, கார் தெரியவில்லை, அவர் தெரியவில்லை. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் வெள்ளை. ஹாலஜன் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பைச் சொருகியிருந்தார்.

“கொஞ்சம் எறங்கி வந்து என் எடத்துல நில்லுங்க” என்றேன். என் உயரத்துக்குக் குனிந்து நின்றார். நான் ஸ்விட்சைப் போட்டேன். சட்டென்று கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அணைத்த பிறகும் கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“எல்லாரும் இதத்தானுங்க மேடம் போடறாங்க” என்றார். குரல் இறங்கியிருந்தது. “எதுக்க வர்ற வண்டியெல்லாம் இப்படித்தான் அடிக்கறாங்க. நானும் போட்டதுக்கப்பறந்தானுங்க எனக்கு ரோடு தெரியுது. அந்தம்மாவக்கூட எனக்கு நல்லாத் தெரிஞ்சுதுங்க.”

“உங்களுக்குத் தெரிஞ்சுது. எதிர்ல வந்தவருக்கு?” என்றேன். உள்ளே இருந்து அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

அறிக்கை எழுதினேன். சந்தனம் இருந்ததை எழுதினேன். இருந்ததை இல்லை என்று எழுத எனக்குத் தெரியாது. டிம் சுருள் இழுபட்டதை எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில் அந்தக் காரின் விளக்கைப் பற்றி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். நாகராஜன் சார் எழுந்து நின்று வாங்கி, உட்காரச் சொல்லி, சுக்குக் காப்பி வரவழைத்து, முழுதும் படித்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“அறிக்கை உங்களதுங்க மேடம். நான் ஒரு எழுத்துல கை வெக்க மாட்டேன். ஆனா ஒண்ணு நெனைச்சுப் பாருங்க. அடிபட்டுக் கெடந்தவியள அள்ளிப் போட்டுட்டுப் போன மனுசன். அவரு மேல நாம எழுதுனா, நாளைக்கு ரோட்ல ஒருத்தர் கெடந்தா எவனுங்க நிறுத்துவான்?”

“அவர் லைட்டுனாலதான் சார் அந்தம்மா ரோட்ல கெடந்தாங்க.”

“உங்களுக்கும் எனக்கும் தெரியுதுங்க. ஊருக்கு அவரு நிறுத்துனது மட்டுந்தானுங்களே தெரியும்?” முகம் மலர்ந்தது. “ஒண்ணு பண்ணலாங்களா? லைட்டுல தப்பு இருக்குதுங்க. அதை மாத்திப்போட்டாச் சரியாப் போச்சு. மாத்த வெக்கறதுதானுங்களே நம்ம வேலை?”

என் முன்னாலேயே போன் செய்தார். “சாருங்களா? நல்லா இருக்கறீங்களா? உங்க மாதிரி ஆளு ஊருக்கு நாலு பேரு வேணுமுங்க. ஒண்ணுமில்லீங்க, நம்ம காருல அந்த பல்பு மட்டும் கம்பெனி பல்பா மாத்திப்போடுங்க. ஆமாங்க, இன்னைக்கே மாத்திட்டீங்கன்னா நல்லதுங்க.” போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கை கூப்பினார். அவர் சொன்ன காரணத்தை இன்றுவரை என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. அடிபட்டவரைத் தூக்குகிறவர்கள் பயந்து போகத்தான் செய்வார்கள். அவர் செய்ததும் சட்டப்படி சரி. விளக்கு திருந்தியது. சுப்பிரமணிக்கு இருந்த ஒரே சாட்சியும் அந்த பல்போடு குப்பைக்குப் போனது. அந்த மரியாதையான மனிதரை நான் வெறுத்தது போல என் வாழ்வில் வேறு யாரையும் வெறுத்ததில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்தது. சுப்பிரமணி கூண்டில் கை கட்டி நின்றார். தண்டனை வந்தால் சிறை மட்டுமல்ல, லைசென்சும் போகும். அவருக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறு தொழில் தெரியாது. அவர் ஏன் பார்க்கவில்லை என்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான் என்று நினைத்துக்கொண்டுதான் சாட்சிக் கூண்டில் ஏறினேன்.

அரசு வக்கீல் கேட்டார்: “லைட்டு கண்ணாடி மேல சந்தனம் இருந்துச்சா, இல்லையா?”

“இருந்தது. ஆனால்…”

“வெளிச்சம் குறையுமா, குறையாதா?”

“கொஞ்சம் குறையும். ஆனால் இந்த விபத்துக்கு அது…”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மேடம்.”

சுப்பிரமணியின் வக்கீல் எழுந்து, எதிரே வந்த காரின் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டார். டிம் சுருளைப் பற்றிச் சொன்னேன். எட்டு மீட்டரில் நின்றதைச் சொல்ல ஆரம்பித்தேன். அரசு வக்கீல் குறுக்கிட்டார். அந்தக் காரைச் சோதிக்கச் சொல்லி போலீஸ் எழுதிக் கொடுத்ததா? இல்லை. அப்படியென்றால் எந்த அதிகாரத்தில் சோதித்தீர்கள்? அதிகாரம் இல்லை. இப்போது அந்தக் காரில் என்ன பல்பு இருக்கிறது? கம்பெனி பல்பு. அவ்வளவுதான். குறிப்பில் நான் எழுதியது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கப்பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எதிரே வருகிறவர் கண் கூசாமலிருக்க ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பெயின்டால் பொட்டு வைக்கச் சொல்லி சர்க்காரே கட்டாயப்படுத்தியது. வைக்காத வண்டிக்கு அபராதம். சர்க்கார் பொட்டு பாதுகாப்பு, சாமி பொட்டு குற்றம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

என் முறை முடிந்ததும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ராஜ்குமாரைக் கூப்பிட்டார்கள். நிதானமாகச் சொன்னார். “அந்தம்மா ஓரமாத்தானுங்க நடந்து போனாங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. கையில இருந்த தூக்குப்போசிகூடத் தெரிஞ்சுதுங்க.” உங்கள் விளக்கு டிம்மில் இருந்ததா என்று கேட்டார்கள். “டிம்முலதானுங்க இருந்துச்சு.” எதிரே வந்தவருக்கு கையிலிருந்த பாத்திரம்கூடத் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் வந்தவருக்கு ஆளே தெரியவில்லையா என்று அரசு வக்கீல் நீதிபதியைப் பார்த்துக் கேட்டார். நான் ராஜ்குமாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் ஒரு முறை என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றவர் அவர். தன் வாசலில், எட்டு மீட்டரில் நின்று தெரிந்துகொண்டவர். இப்போது சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

அன்று அந்தக் கோர்ட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. சந்தனம் இருந்தது உண்மை. டிம்மில் வந்தது உண்மை. அந்த அம்மாள் தெரிந்ததும் உண்மை. எல்லா உண்மையையும் கூட்டி சுப்பிரமணிக்கு ஒரு வருடச் சிறை என்றார்கள், லைசென்சையும் பறித்தார்கள். அவர் மனைவி என்னிடம் வந்து, “நீங்க எழுதுனதாமுங்களே, சந்தனத்த” என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் சொன்ன விளக்கம் எனக்கே புரியவில்லை.

அடுத்த சாலைப் பாதுகாப்பு வாரத்தில் ராஜ்குமாருக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள், விபத்தில் சிக்கியவரைக் காக்க முயன்ற நல்ல உள்ளம் என்று. பொன்னாடையை நான்தான் போர்த்த வேண்டும் என்பது நாகராஜன் சாரின் ஆசை. “நீங்க போட்டாத்தானுங்க மேடம் எடுப்பா இருக்கும்” என்றார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து, பாத்திரங்களையெல்லாம் இறக்கிப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு என் கொட்டகையில் நான் இன்னும் கறாராக நின்றேன். அதனால் என்ன நடந்துவிட்டது? என் கண்ணுக்கு முன்னால் சரியாக எரிந்த வண்டிகள் வெளியே போய் என்ன எரித்தன என்று எனக்குத் தெரியும். பின்னால் நாகராஜன் சார் பதவி உயர்வில் சென்னைக்குப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன்; இந்த ஊரில் பிறந்த பாவம்.

நான் ஓய்வு பெறுகிற வருடம் தகுதிச் சான்றுக்கு ஒரு மினி லாரி வந்தது. இளநீர் லோடு ஏற்றுகிற வண்டி, வேறு யாருடையதோ. கொட்டகைக்குள் விடச் சொல்லிக் கோட்டில் நின்றேன். “டிம் போடுங்க” என்றேன். போட்டதும் வெள்ளையாக வந்து முகத்தில் அறைந்தது. கையால் மறைத்துக்கொண்டே, “அணைங்க, அணைச்சுட்டு எறங்கி வாங்க” என்று கத்தினேன். இறங்கி வந்தவர் சுப்பிரமணி. தலை பாதி நரைத்திருந்தது. தண்டனையையும் தடையையும் முடித்து, லைசென்சைத் திரும்ப வாங்கி, கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கறீங்களா மேடம்?” என்றார்.

என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. “இந்த லைட்டு யாருங்க போட்டது? ஓனரா?”

“இல்லீங்க. நாந்தானுங்க கேட்டுப் போடச் சொன்னேன்.”

“நீங்களா? இது என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாதா சுப்பிரமணி? ஊர்ல வேற எவனுக்குத் தெரியலைன்னாலும் உங்களுக்குமா?”

“நல்லாத் தெரியுமுங்க. கோர்ட்லதானுங்களே சொன்னாங்க. அந்தக் கார்க்காரருக்குத் தெரிஞ்சுதுங்க, ஊட்டுக்குப் போனாரு. எனக்குத் தெரியல, நான் உள்ள போனேன். இனி எனக்கு ரோடு தெரியோணுமுங்க.”

“எதிர்ல வர்றவன் என்னங்க பண்ணுவான்?”

அவர் குரலில் கோபமே இல்லை. எப்போதும் போல அதே பணிவோடுதான் சொன்னார். “எதுக்க வர்றவியளுக்கு நீங்க இருக்கறீங்களேங்க, ரிப்போர்ட் எழுதறதுக்கு.”

தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “செரிங்க, வாரேனுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.